அத்தா மாப் கேட்கப் போன கோடை

எங்களைப் பெற்ற அத்தா மௌத்தாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. எங்கள் வழக்கத்தில் வருட நினைவுக்கு மலர் அச்சிடுவது கிடையாது. பல்லாவரத்தில் அத்தாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தங்களில் யார் காலமானாலும் ஒரு சிறு புத்தகம் போட்டு எல்லார் வீட்டுக்கும் கொடுப்பதை முறையாக வைத்திருக்கிறார்கள். இதற்கு முன் நான்கு பேருடைய மலருக்கு அத்தா கட்டுரை கொடுத்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வரும். இப்போது அத்தாவைப் பற்றி எழுத என்னையே கேட்டிருக்கிறார்கள். இந்த முறை சொல்லித்தர ஆள் இல்லை.

நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் டோக்கன் கொடுக்கிறேன். அங்கேயே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எழுதியதில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய அத்தா தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அந்தக் கையால் சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவாராம். அந்த வேலைக்குத் தன் மகன் வரக் கூடாது என்று, பதினைந்து வயதில் தாய்மாமனோடு பல்லாவரத்துக்கு அனுப்பிவிட்டார். ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அத்தா முதலில் பெருக்கும் வேலையில் சேர்ந்தார். ராத்தங்கல் அங்கேயே, தோல் கட்டுகளுக்கு நடுவில். வெட்டு மெஷினில் நிற்கும் ஆள் லீவு போட்ட ஒரு நாளில் அவர் இடத்தில் நின்றார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார். முப்பத்தாறு வயதில் கட்டிங் பகுதிக்கு ஃபோர்மேன் ஆனார். 'ஃபோர்மேன் பாய்' என்றுதான் இந்த மலரைப் படிக்கிற பலருக்கும் அவரைத் தெரியும்.

அத்தா ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. வெட்டி மிச்சமாகிற துண்டுத் தோலைச் செருப்புக்கு ஒட்டுப் போடக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தன் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியவர், ஆயுத பூஜைக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதேபோலக் கேட்டு வாங்கினார். அடையாற்றில் வெள்ளம் வந்த வருடம் அனகாபுத்தூரில் தண்ணீர் நின்ற தெருக்களுக்குத் தன் மோட்டார் சைக்கிளில் அரிசியும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோனார். முப்பது பேருக்காவது வேலை வாங்கிக் கொடுத்திருப்பார். இதெல்லாம் உண்மை. நான் கூட இருந்து பார்த்தது.

ஆனால் அத்தாவின் நேர்மையைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் ஒரு சம்பவத்துக்குத்தான் வருவார்கள். இந்த மலரின் வேறு பக்கங்களிலும் அது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெற்ற மகனையே கம்பெனி கேட்டில் பிடித்துக் கொடுத்தவர் என்று. அந்த மகன் நான்தான். அதனால் நான் எழுதும்போது அதைத் தாண்டிப் போக முடியாது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அத்தாவின் பகுதியிலேயே மூன்று வருடமாக வெட்டு மெஷினில் இருந்தேன். ஷிஃப்ட் விடும்போது கேட்டில் எல்லார் பையையும் திறந்து பார்ப்பார்கள். ஃபோர்மேன் மகன் என்று என் பையை மட்டும் பார்க்கமாட்டார்கள். அது எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் பாருங்கள் என்று சொல்லவும் வாய் வராது. அன்று புதிதாக வந்த காவலாளி என்னைத் தெரியாமல் நிறுத்தினார். சாப்பாட்டுக் கேரியருக்கு அடியில் பதனிட்ட ஆட்டுத் தோல் இரண்டு, நன்றாகச் சுருட்டி வைத்திருந்தது. ஏற்றுமதிக்கு வைத்திருந்த தோல். எனக்கு அது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. பின்னால் நூறு பேர் வரிசையில் நின்றார்கள்.

அத்தாவைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் நல்ல மனிதர். சின்னப் பையன், கண்டித்து விட்டுவிடலாம் என்றார். நான், "அத்தா, நான் எடுக்கல" என்றேன். அத்தா என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரிடம், "யார் மகன்னு பார்க்காதீங்க சார். வேற எவனா இருந்தா இன்னா பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க" என்றார். பிறகு வரிசை முழுவதும் பார்க்க என் கன்னத்தில் அறைந்தார். புகார்க் கடிதத்தை அவரே எழுதினார். அவருக்குச் சரளமாக எழுத வராது. ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தோல் வேலை நடக்கிற எந்த இடத்திலும் அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. ஒரு இடத்தில் சேர்ந்து நான்கு நாள் ஆனதும், ஃபோர்மேன் பாய் மகனா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்தில் பெண் பேசி நின்றுபோனது. முப்பத்து மூன்று வயதில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. என் மனைவி வீட்டாருக்கும் அந்தக் கதை தெரியும். என் மனைவி நல்லவள், இன்றுவரை ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அத்தாவும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முதல் இரண்டு வருடம் அம்மா மூலமாகப் பேசினார். பிறகு கரண்டு பில், சிலிண்டர், ஆஸ்பத்திரி என்று நேராகவே பேச ஆரம்பித்தார். அந்த விஷயத்தை மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெளியில் மற்றவர்கள் எடுத்தார்கள். அத்தா ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசிய மூன்று பேரும் அதைச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

பல வருடம் மனுப் போட்டு, இரண்டு வருடத்துக்கு முன் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஹஜ் பயணத்துக்குப் பெயர் வந்தது. நம் மற்ற மதத்து நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்கள் எல்லாரையும் நேரில் பார்த்து, தெரிந்தோ தெரியாமலோ தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாப் கேட்பது என்று சொல்வோம். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதை மக்காவில் போய்க் கேட்டுப் பயனில்லை என்பது நம்பிக்கை. இப்போதெல்லாம் செல்போனில் ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் என்னை உட்காரவைத்துப் பெயர்களைச் சொன்னார். நான் எழுதினேன். பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று எந்த ரோட்டில் யார் என்று வரிசைப்படுத்தி நாற்பத்தோரு வீடு. எல்லாரும் கம்பெனியில் கூட இருந்தவர்கள். ஒவ்வொரு பெயர் எழுதும்போதும் அடுத்து என்ன சொல்வாரோ என்று இருந்தது. நாற்பத்தொன்று முடிந்ததும் நோட்டை வாங்கி மூடிவிட்டார். அம்மாவிடம் சமையலறையில் போய், வீட்டு ஆளுங்களை எழுதலையே என்று கேட்டேன். வீட்டு ஆட்களிடம் கிளம்புகிற அன்றைக்குத்தான் கேட்பார்கள், அதுதான் முறை என்றார் அம்மா. எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு ஐம்பது வயது. ஆனாலும் அந்தக் கோடை முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். அத்தா கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன். 'பரவாயில்ல அத்தா' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கார் வைத்துத் தருகிறேன் என்றேன். "மாப் கேட்கப் போறவன் கார்ல போய் இறங்கறதா?" என்றார். அத்தாவுக்கு எழுபத்து மூன்று, அம்மாவுக்கு அறுபத்தெட்டு. பழைய மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட்டு பிரேக்கும் டயரும் மாற்றினார். காலைத் தொழுகை முடிந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். வெயில் ஏறுமுன் இரண்டு வீடு, அதிகம் போனால் மூன்று. வெள்ளிக்கிழமை கிடையாது. அன்று ஜும்ஆவும் உண்டு, பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் வண்டி நகராது. அம்மா புர்காவுக்கு மேல் ஹெல்மெட் போட்டு ஒருபக்கமாக உட்கார்வார். சிக்னலில் நிற்கும்போது குடையை விரித்து அத்தா தலைக்கும் சேர்த்துப் பிடிப்பாராம். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தால் அத்தா, குடையை மடக்கு என்பாராம். ஹெல்மெட்டில் காது கேட்கவில்லை என்று அம்மா மடக்கமாட்டாராம். மக்காவில் நடப்பதற்கு முன்னால் இந்த வண்டியிலேயே என் இடுப்பு போய்விடும் என்று தினமும் சொல்வார். மறுநாள் அவர்தான் முதலில் தயாராக நிற்பார்.

என்ன நடந்தது என்று மாலையில் அம்மா சொல்வார். பம்மலில் ஒருவரிடம் அத்தா முறைப்படி கேட்க, அவர் நிஜமாகவே யோசித்திருக்கிறார். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டதற்கு அரை நாள்தான் கொடுத்தீர்கள் என்றிருக்கிறார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாராம். அத்தா எழுந்து நின்று அந்த அரை நாளுக்காகத் தனியாக மாப் கேட்டார். "சரி பாய், அந்த அரை நாளை விட்டுட்டேன். மீதி அரை நாள் நீங்க குடுத்ததுதானே" என்று சொல்லி அவர் இரண்டாவது டீ போடச் சொன்னாராம். செம்பாக்கத்தில் இருந்தவருக்கு ஞாபகம் போய்விட்டது. அத்தாவைக் கரண்டு ஆபீஸ் ஆள் என்று நினைத்து, மீட்டர் வெளியில கீது என்று கையைக் காட்டினாராம். அத்தா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமும் முழுவதும் சொல்லி மாப் கேட்டார். மீட்டர் வெளியில கீது, போய்ப் பாரு என்று மறுபடி சொன்னாராம். மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின் தெருவில், இறந்துபோன ஒருவருக்குப் பதிலாக அவர் மனைவியிடம் கேட்டார்கள். அந்த அம்மா மோர் கொடுத்து, மாங்காய் ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார்.

அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். அத்தா கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அரை நாள் லீவுக்காக எழுந்து நின்றவர் என்னிடமும் கேட்பார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது.

கத்திரி வெயில் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அனகாபுத்தூருக்குப் போனார்கள். முப்பத்து நான்காவது வீடு. பதினொரு மணிக்கு வருகிறவர்கள் அன்று ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். அம்மா என்னைப் பார்க்காமல் நேராகக் குளியலறைக்குப் போனார். அத்தா வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். வெயில் தாங்கவில்லை, இதோடு போதும், மிச்ச ஏழு வீட்டுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்றார். எண்களை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அம்மா மாலையில் ஒன்றும் சொல்லவில்லை. வெயில்தான் காரணம் என்று நானும் நினைத்தேன்.

புறப்படும் நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து துஆ ஓதினார். அந்த நேரம் வேன் டிரைவர் பெட்டியைக் கட்டக் கயிறு கேட்டார் என்று நான் கீழே போனேன். மேலே ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. கூடத்தில் நின்று எல்லாரையும் பார்த்துப் பொதுவாக, ஏதாவது தப்பு நடந்திருந்தால் மாப் பண்ணிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பையன் வரட்டும் என்று அம்மா சொன்னாராம். நேரமாச்சு என்றாராம் அத்தா. நான் படியில் நின்றபோது எல்லாரும் அத்தாவைத் தழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் வந்து தழுவினேன். விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் என் தோளில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "வண்டிய வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வை" என்றார். சரி அத்தா என்றேன்.

அவர்கள் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் வாங்கிப்போக நண்பர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்படி ஒரு நாள் கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தன் மருமகனிடம் அத்தாவை அறிமுகப்படுத்தினார். பெற்ற மகனையே கேட்டில் பிடித்துக் கொடுத்தவர் என்றார். நான் தட்டோடு அவர் எதிரில் நின்றிருந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தா தரையைப் பார்த்து, "அந்தப் பேச்சு எதுக்கு இப்ப" என்றார்.

"பாத்தியா மாப்ள, பெருமையா ஒண்ணு சொன்னா பாய்க்குப் புடிக்காது" என்றார் அந்தப் பெரியவர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியாரின் அடக்கம் என்று நானும் நினைத்துக்கொண்டு தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன்.

திரும்பி வந்த எட்டாவது மாதம், விடியற்காலைத் தொழுகைக்கு ஒளு செய்யக் கை கால் கழுவும்போது அத்தா குழாயடியில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே போய்விட்டார். அன்று மாலை பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு வைத்தோம். தொழுகைக்கு முன் இறந்தவரின் மகன் எழுந்து, எங்கள் அத்தா யாருக்காவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கூட்டத்திடம் கேட்க வேண்டும். ஹஜ்ரத் என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். வாழ்நாளில் நான் கூட்டத்துக்கு முன்னால் பேசியது அது ஒரு தடவைதான். ஆனாலும் சொல்லிவிட்டேன். மாப், மாப் என்று வரிசை வரிசையாகச் சொன்னார்கள். வெளியே வாசலருகே நின்ற கம்பெனி நண்பர்களும் கை கூப்பினார்கள். எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கேட்கிறவன் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் வரிசையில் போய் நின்றேன்.

அம்மா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண்கள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பது. மூன்றாவது மாதத்தில் ஒரு மதியம், சாப்பிட்ட தட்டை நான் எடுக்கப் போனபோது கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்.

"அந்தத் தோலு நீ எடுக்கல. உங்கத்தாவுக்குத் தெரியும்" என்றார்.

அனகாபுத்தூர் வீட்டில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். அத்தா வழக்கம்போல மாப் கேட்டிருக்கிறார். அந்த நண்பர் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாராம். நீங்கள் என்னிடம் கேட்கலாமா, நான்தான் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்து எல்லாம் சொல்லியிருக்கிறார். என் பையை யாரும் திறப்பதில்லை என்று தெரிந்து அவர்தான் தோலை அதில் வைத்திருக்கிறார். அவரும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்துதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம், வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அதற்கு முன் இரண்டு தடவை அப்படி எடுத்தும் இருக்கிறார். எனக்குத் தெரியாமலே நான் சுமந்திருக்கிறேன். அன்று கேட்டில் அவர் எனக்கு நான்கு பேர் தள்ளி வரிசையில் நின்றாராம்.

அத்தா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சரி, நான் மாப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு எழுந்துட்டாரு."

அத்தா மாப் பண்ணிவிட்டார். வேலை போனது எனக்கு. அறை வாங்கியது நான். அதை மன்னிக்க அத்தா யார்?

ஏன் என்னிடம் அன்றே சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். வழியில் வண்டியை நிறுத்தி, நீ சொல்லாதே, நானே சொல்கிறேன் என்று அத்தா வாக்கு வாங்கிக்கொண்டாராம். சொல்வார் சொல்வார் என்று இருந்தேன், மக்காவில்கூடக் கேட்டேன், ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார் என்று சொல்லி அம்மா அழுதார். கூடத்தில் அந்தப் பெரியவர் பேசியபோது சமையலறையில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அனகாபுத்தூரிலிருந்து வந்த பிறகு அத்தா உயிரோடு இருந்தது ஒன்பது மாதம். ஒரே வீடு. தினமும் இரண்டு வேளை சேர்ந்து சாப்பிட்டோம்.

இத்தா முடிந்ததும் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு அதே வண்டியில் அனகாபுத்தூருக்குப் போனேன். ஆட்டோ பிடிக்கிறேன் என்றதற்கு அம்மா ஒப்பவில்லை. ஆற்றோரம் குறுகலான சந்தில் வீடு. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, வா தம்பி என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

"அண்ணா, அந்தத் தோல் விஷயமா வந்தேன்" என்றேன்.

"அதான் பாய்கிட்ட சொல்லிட்டேனே தம்பி. பையன்கிட்டயும் சொல்லிடறேன்னாரு. நீ வந்து சட்டையப் புடிப்பன்னு பத்து நாளு வூட்டுல யாரையும் இருக்க விடல. நீ வரல. சரி, தம்பியும் விட்டுடுச்சுன்னு நெனச்சுகினு கீறேன்." பிறகு அம்மா முகத்தைப் பார்த்தார். "சொல்லலியா அவரு?"

அம்மா இல்லை என்று தலையசைத்தார்.

அவர் கீழே உட்கார்ந்து என் காலைத் தொட வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். "முப்பது வருசம் வாயத் தொறக்கல தம்பி. அன்னிக்குத் தொறந்திருந்தா என் புள்ளைங்க சோத்துக்கு இன்னா பண்ணும்னுதான் ஓடிச்சு. உன் சோறு ஞாபகம் வரல. என்னை மன்னிச்சுடு" என்றார்.

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், எழுந்திருங்கள் என்று மட்டும் சொன்னேன். நிஜமாகவே அவரை விட்டுவிட்டேன். இந்த மலரில் இதை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். என் பேரையும் போட்டுக்கோ தம்பி என்றார். நான் போடவில்லை. அனகாபுத்தூரிலிருந்து எங்கள் கம்பெனிக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். யார் என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம். கேட்டில் நிறுத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அத்தாவின் கடைசிக் காரியங்களில் கூட நின்ற பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும், ஹஜ்ரத் அவர்களுக்கும், அன்று காலை தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எதிர்வீட்டு அண்ணனுக்கும், ஆம்பூரிலிருந்து வந்து அம்மாவோடு நாற்பது நாள் இருந்த தங்கைக்கும், இந்த மலரை அச்சிட்ட அத்தாவின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கோடையில் அத்தாவையும் அம்மாவையும் உட்காரவைத்து டீயும் மோரும் கொடுத்த முப்பத்து நான்கு வீட்டாருக்கும் நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அத்தாவைப் பற்றிப் பேசும்போது வெள்ளத்தில் அரிசி கொண்டுவந்ததைச் சொல்லுங்கள். வேலை வாங்கிக் கொடுத்ததைச் சொல்லுங்கள். கேட்டில் நடந்ததை மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள். அந்தத் தோலை நான் எடுக்கவில்லை. அத்தாவிடம் அன்று சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அத்தா கெட்டவர் இல்லை என்று எழுதினாயா என்று கேட்டார். அவர் செய்த நல்லது எல்லாம் முன்னாலேயே எழுதியிருக்கிறேன் என்றேன். பிறகு, "அவருக்கு நீ மாப் குடுத்துட்டன்னு எழுதலியே" என்றார்.

"எழுதலம்மா" என்றேன்.

அம்மா தாளை வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். சரி, கொண்டுபோய்க் கொடு என்றார்.